ஜெயித்த சட்டை

அந்த மனுஷன் ஒழுங்கா எண்ணியிருந்தார்னா எனக்கு இந்தக் கதியே வந்திருக்காதுங்க தம்பி. முழுக்க அவர் பண்ணின வேலை. காலமெல்லாம் பள்ளிக்கூடத்துல கணக்குச் சொல்லிக் குடுத்தவராம், நாலு துண்டுச் சீட்டை எண்ணத் தெரியலை. தெரியலையா, இல்லை தெரியாத மாதிரி எண்ணச் சொல்லி யாராவது காதுல ஓதினாங்களா, அதைக் கேட்கத்தான் போயிட்டிருக்கேன். கோயமுத்தூர்ல ஆஸ்பத்திரியில படுத்திருக்கார். இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. படுத்தா என்ன? வாய் நல்லாத்தானே இருக்குது.

பேரைச் சொல்ல மாட்டேன். நான் அமெரிக்க அரசியல் பேசறவன், கையில ஆதாரம் இல்லாம ஒருத்தர் பேரை இழுக்கறது என் பழக்கம் இல்லை. வாத்தியார்னே வெச்சுக்குங்க.

கொஞ்சம் ஜன்னலோரமா நகருங்க. கார் இருக்குதுங்க எனக்கு, இல்லாம இல்லை. கார்ல போய் இறங்கினா ஆஸ்பத்திரி வாசல்லயே நாலு பேரு போட்டோ புடிப்பானுங்க. அதான் பஸ்ஸு.

அட, இந்தச் சட்டை! நீங்க போட்டிருக்கறதுதான். திருப்பூர்லதானே வாங்கினீங்க? நெஞ்சுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா? 'நாம் ஜெயித்துவிட்டோம்'னு எழுதியிருக்குது. கீழ இருக்கறது ஒரு அம்மா பேரு. அமெரிக்காவுல ஒரு மாகாணத்துல கவர்னர் தேர்தல்ல நின்னாங்க. தோத்துப் போயிட்டாங்க, பாவம். அதனாலதான் அது உங்க மேல இருக்குது.

விழிக்காதீங்க, சொல்றேன். அமெரிக்காவுல ஓட்டு எண்ணி முடிஞ்ச மறுநாளே ஜனங்களுக்கு ஜெயிச்ச சட்டை வேணும். எண்ணினதுக்கப்புறம் நூல் வாங்கித் துணி ஓட்டித் தைச்சா ஆகுமா? அதனால ரெண்டு பக்கத்துக்கும் முன்கூட்டியே ஆர்டர் போட்டுடுவானுங்க. இவனும் ஜெயிச்சான், அவனும் ஜெயிச்சான். எண்ணின பிறகு ஒருத்தன் சட்டை கடைக்குப் போகும், தோத்தவன் சட்டை கட்டுக்கட்டா இங்கயே நின்னுடும். அதை வாங்கறவன் நான். செகண்ட்ஸ் வியாபாரம், கழிச்சுப் போட்ட சட்டையை வாங்கி விக்கறது. அமெரிக்காவுல தோத்தவங்க அத்தனை பேரும் என் குடோன்ல ஜெயிச்சவங்க.

எட்டாவது தாண்டலைங்க நான். கூட்ஸ் ஷெட்டுல துணி மூட்டை தூக்கிட்டுக் கிடந்தவன். எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தது இந்தப் பனியன் சட்டைதான். வியாபாரம் ஆரம்பிச்ச புதுசுல, ஒருக்கா, கோயில் திருவிழாவுக்கு வாலண்டியர் பசங்களுக்குன்னு ஒரு கட்டு வித்தேன். நல்ல மஞ்சள் கலரு. அதுல எழுதியிருந்தது வாயில சொல்ல முடியாத கெட்ட வார்த்தை. தேரு இழுக்கறவன் முதுகு பூராவும் அது. ஊர்ல ஒருத்தன் படிச்சவன் இருந்தான். நேரா கடைக்கு வந்து செவுள்ல விட்டான் பாருங்க, ரெண்டு பல்லு இந்தப் பக்கம் இன்னைக்கும் கிடையாது. அன்னைக்குப் படிக்க ஆரம்பிச்சேன். பல்லு குடுத்து வாங்கின படிப்பு.

அப்புறம் யாரு தோத்து யாரு சட்டை நம்மகிட்ட வரும்னு முன்னாடியே தெரிஞ்சாத்தானே விலை பேச முடியும்? அதுக்காக அமெரிக்க நியூஸ் பார்க்க ஆரம்பிச்சேன். பார்த்துப் பார்த்து ரத்தம் கொதிச்சுப் போச்சு. அங்க சேனல் ரெண்டு ஜாதி, சிவப்புக் கட்சிக்கு ஒண்ணு, நீலக் கட்சிக்கு ஒண்ணு. ஒரே ஊர்ல ஒரே நேரத்துல அதுல மழை பெய்யும், இதுல வெயிலடிக்கும். எட்டுப் பேரை எட்டுக் கட்டத்துல அடைச்சுக் கத்த விட்டுட்டு நடுவுல ஒருத்தன் சிரிச்சுட்டு உட்கார்ந்திருப்பான். தோத்தவன் 'நான்தான் ஜெயிச்சேன்'னு சொன்னா 'அப்படியா, எப்படி ஜெயிச்சீங்க'ன்னு மரியாதையா மைக்கை நீட்டறான். ஏண்டா, செருப்பால அடிச்சுக் கேட்க வேண்டாமா?

நான் அங்க முற்போக்குப் பக்கம். இங்கயும்தான். எங்க ஊர் கேபிள் டி.வி.யில ஞாயித்துக்கிழமை காலையில 'அமெரிக்கா பேசுகிறது'ன்னு ஒரு நிகழ்ச்சி, பார்த்திருப்பீங்க. இல்லையா? சரி. அதுல பேசறது நான்தான். கேள்வி கேட்கறவன் பிரதாபன்னு ஒரு பொடியன். மேல கோட்டு டை, கேமராவுக்குக் கீழ லுங்கி. படிச்ச பையன், ஆனா மூளை லுங்கியிலதான் இருக்கும்.

அங்க ஒருக்கா தோத்த கும்பல் அவங்க பார்லிமெண்ட் கட்டடத்துக்குள்ள புகுந்து கண்ணாடியெல்லாம் உடைச்சானுங்கல்ல? அன்னைக்கு நான் டி.வி.யில அழுதுட்டேன் தம்பி. வேஷம் இல்லை. 'அமெரிக்காவுல தோத்தவர் ஜெயிச்சவருக்கு ஒரு போன் பண்ணி வாழ்த்துச் சொல்லுவார். அந்த ஒரு போன்லதான் அந்த நாடே நிக்குது. அந்தப் போன் வரலைன்னா அது நாடு இல்லை, சந்தை'ன்னு சொன்னேன். ஊரே பேசிச்சு. டீக்கடையில என்கிட்ட டீக்குக் காசு வாங்க மாட்டேன்னுட்டான்.

இங்கதான் விதி விளையாடிச்சு. அந்தப் பிரதாபன் பய, நேரலையில, சும்மா இருக்காம, "ஏனுங்ணா, உங்க செகண்ட்ஸ் வியாபாரிகள் சங்கத்துல எப்பங்க தேர்தல்?"னு கேட்டுட்டான்.

பன்னெண்டு வருஷமா நான்தான் தலைவர். தேர்தல்னு ஒண்ணு கிடையாது. ஆடி மாசம் கூட்டம் போடுவோம், பிரியாணி போடுவோம், 'சென்னியப்பனே இருக்கட்டும்'னு ஒருத்தன் சொல்லுவான், எல்லாரும் கை தட்டுவாங்க. கேமரா என் மூஞ்சிக்கு நேரா நிக்குது. அமெரிக்காவைப் பத்தி அவ்வளவு பேசினவன் என்ன சொல்றது? "இந்த வருஷம் ரகசிய ஓட்டு. பெட்டி வெச்சு எண்ணறோம்"னுட்டேன். எவன் நிக்கப் போறான்கிற தைரியம்தான்.

எவனும் நிக்கலை. மைனாவதி நின்னா.

மைனாவதி யாருன்னா, என் குடோன்ல செக்கிங்ல நின்னுட்டிருந்தவ. தேனிப் பக்கத்துக்காரி. சட்டையில பொத்தல் இருந்தா அது மேல அம்பு ஸ்டிக்கர் ஒட்டறது வேலை. அவ ஒட்டினா ஒட்டிக்கிட்டே இருப்பா. வாங்கற ஆள் வந்து நிக்கறப்பவே எடுத்துக் காட்டுவா, "இதுலயும் ஒண்ணு இருக்குங்ணா." ஒரு நாள் அந்த ஸ்டிக்கர் ரோலைப் புடுங்கி அவ நெத்தியிலயே ஒண்ணை ஒட்டி, "மொதல்ல இந்த டேமேஜை வெளிய போடு"ன்னு அனுப்பிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சுட்டுத்தான் போனா. போனவ எதிர்ச் சாரியில கடை போட்டுட்டா, பொத்தலைக் காட்டியே விக்கறா. அதுக்கும் வாங்க ஆளிருக்குது, உலகம் எப்படிக் கெட்டுப் போச்சு பாருங்க.

பிரசாரம்னு ஒண்ணு பண்ணணுமில்ல? ஞாயித்துக்கிழமை நிகழ்ச்சியில, "புருஷனையே புடிச்சு வெச்சுக்கத் தெரியாத பொம்பளை சங்கத்தைப் புடிச்சு வெச்சுக்குவாளா"ன்னு கேட்டேன். பிரதாபன் நெளியறான். "அண்ணா, போன வாரம் அமெரிக்காவுல தேர்தல்ல நின்ன ஒரு அம்மாகிட்ட குடும்பத்தைப் பத்திக் கேட்டதுக்கு ஒரு சேனலைக் காட்டுமிராண்டின்னு சொன்னீங்களே..."

"அது அமெரிக்காடா"ன்னேன். இது கூடவா புரியாது? அது தத்துவம். இது ஊரு.

அவினாசி வந்துடுச்சா? இங்க பத்து நிமிஷம் போட்டுடுவான். அந்தா, அந்த பஞ்சர் கடை. அந்தப் பக்கம் பார்க்காதீங்க. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

தேர்தலுக்கு முந்தி நானும் சட்டை அடிச்சேன். வெள்ளைச் சட்டை, நெஞ்சுல என் மூஞ்சி, கீழ 'தலைவர் சென்னியப்பன் வென்றார்'. பிரிண்டிங் பட்டறைக்காரன் கேக்கறான், "அண்ணா, வழக்கம் போல ரெண்டு பக்கத்துக்கும் அடிச்சுடலாமுங்களா? அந்தம்மா பேருல கொஞ்சம்?" மை வாளியை எட்டி உதைச்சேன். தொழில்ல ரெண்டு பக்கமும் அடிக்கறது எதுக்கு? எவன் ஜெயிப்பான்னு தெரியாதவனுக்கு. எனக்குத் தெரியுமே.

ஓட்டுப் போடற அன்னைக்குக் காலையிலயே லோடுமேன் பசங்களுக்கெல்லாம் பிரியாணியும் சட்டையும் குடுத்தாச்சு. வீரக்குமார்னு ஒருத்தன், வெள்ளக்கோயில் பக்கம், காளை மாதிரி இருப்பான், எழுதப் படிக்கத் தெரியாது. சட்டையில என் மூஞ்சியைத் தடவிப் பார்த்துட்டு, "ஜெயிச்சுட்டமுங்களாண்ணா?"ன்னான். "போட்டுக்கோ"ன்னேன்.

எண்ணறதுக்கு வாத்தியாரை வெச்சது நான்தான். அதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நான்தான் போய்க் கும்பிட்டுக் கூப்பிட்டேன். கறாரான ஆளு, ரெண்டு பக்கமும் சாயமாட்டார்னு ஊரே சொல்லுச்சு. சங்கத்து மாடியில உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டா பிரிச்சு, ரெண்டு பக்கத்து ஆளுக்கும் காட்டி, உரக்கப் படிச்சார். 'சென்னியப்பன். மைனாவதி. மைனாவதி. சென்னியப்பன். மைனாவதி. மைனாவதி.' அவர் படிக்கறப்ப அந்தப் பேரு அவர் வாய்க்கு ருசியா இருந்த மாதிரி எனக்குப் பட்டுது. அதுதான் மோசடி. வேற என்ன ஆதாரம் வேணும்?

முடிஞ்சுது. அவ ஜெயிச்சான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டுட்டு மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டே என்ன சொன்னார் தெரியுங்களா? எல்லாரையும் வெச்சுக்கிட்டு?

"சென்னியப்பன், போனை எடுங்க. அந்தம்மா கீழ கடையிலதான் இருக்குது. ஒரு வாழ்த்துச் சொல்லிடுங்க. நீங்க டி.வி.யில அந்தப் போனைப் பத்திச் சொன்னதைக் கேட்டுத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்."

கேலிங்க. அப்பட்டமான கேலி. நான் போனைத் தொடலை. கீழ இறங்கினேன். பிரதாபன் கேமராவோட நிக்கறான். மைக்கைப் புடுங்கி, "ஓட்டைத் திருடிட்டாங்க, மாடியில உட்கார்ந்து திருடிட்டாங்க"ன்னேன். ரெண்டாவது வாக்கியம் முடியல, அந்தப் பய கேமராவை அணைச்சுட்டான். "அண்ணா, எண்ணறப்ப நானும் மேல இருந்தேன், அப்படி எதுவும் நடக்கலை"ங்கறான். பாருங்க தம்பி, அமெரிக்காவுல எவ்வளவு பெரிய பொய்யனுக்கும் மைக்கு குடுக்கறான். இங்க உண்மை பேசறவன் கழுத்தை நெரிக்கறான். பத்திரிகைச் சுதந்திரம்னு ஒண்ணு இந்த ஊர்ல செத்துப் போச்சு.

விடுவனா? என் போன்லயே நேரலை போட்டேன். பசங்க எல்லாம் சேர்ந்துட்டானுங்க, எல்லாம் வெள்ளைச் சட்டை, எல்லாம் என் மூஞ்சி. வீரக்குமார் முன்னாடி வந்து, "ஏனுங்ணா, நாம ஜெயிச்சுட்டம்னுதானே சட்டை குடுத்தீங்க?"ன்னான்.

"மேல போய்க் கேளு"ன்னேன்.

அவ்வளவுதான். 'அடி'ன்னு சொன்னனா? 'தள்ளு'ன்னு சொன்னனா? கேளுன்னா கேளுன்னுதானே அர்த்தம்?

வாத்தியார் பெட்டியை நெஞ்சோட அணைச்சுட்டுப் படியில இறங்கிட்டிருந்திருக்கார். குறுகலான படி, ரெண்டு பேரு எதிர்ல வந்தா ஒருத்தர் ஒதுங்கணும். ஒதுங்கலை. பெட்டியைக் குடுன்னா குடுத்துட்டுப் போயிருக்கலாமே? தன்னோடதா அது? வீரக்குமார் இழுத்ததுல பெட்டியோட உருண்டு வந்து கீழ விழுந்தார். விழுந்தும் பெட்டியை விடலை. அந்தப் பிடிவாதத்துக்கு இடுப்பு உடையாம என்ன பண்ணும்?

போலீஸ் வந்துச்சு. பசங்களைப் புடிக்கறது ஒரு கஷ்டமா, எல்லார் நெஞ்சுலயும் என் பேரு. இன்ஸ்பெக்டர் என்கிட்ட, "இவங்க உங்க ஆளுங்களா?"ன்னார். எல்லாவனும் என்னையே பார்க்கறான். வீரக்குமார் சிரிக்கறான் வேற, அண்ணன் கூட்டிட்டுப் போயிடுவார்னு.

"தெரியாதுங்க சார். செகண்ட்ஸ் மார்க்கெட்டுல கிடைக்கற சட்டை. யாரு வேணா வாங்கிப் போடலாம்"னேன்.

வேற என்ன சொல்றது? பன்னெண்டு வருஷம் தலைவரா இருந்தவன் ஸ்டேஷன்ல போய் உட்காரட்டுமா? வீரக்குமாருக்கு ஜெயிலுக்குள்ள போனாலும் மூணு வேளை சோறு வரும். எனக்கு மானம் போனா வருமா? அவன் பொண்டாட்டி கைக்குழந்தையோட வந்து குடோன் வாசல்ல நின்னு அழுதா. "உம் புருஷன் என்ன எழுதியிருக்குன்னு பார்க்காம சட்டை போட்டா நான் என்ன பண்ண முடியும்? நான் பல்லு குடுத்துப் படிச்சேன்"னு சொல்லி அனுப்பிட்டேன்.

ஆனா இன்ஸ்பெக்டர் விவரமான ஆளு. "மார்க்கெட்டுல கிடைக்குதா? எந்தக் கடையில?"ன்னார். சொன்ன வார்த்தையைக் காப்பாத்தணுமே. மிச்சம் இருந்த சட்டைக் கட்டுகளையெல்லாம் ஒரு புரோக்கர் மூலமா, கிடைச்ச விலைக்குத் தள்ளி விடுன்னு அனுப்பிச்சேன். யாரு வாங்கினா தெரியுமா? மைனாவதி. மொத்தமும். வாங்கி, வித்தாளான்னா விக்கலை. பிளேடு போட்டுத் துண்டு துண்டா அறுத்து, மிஷின் துடைக்கற வேஸ்ட் துணியா மூட்டை கட்டிட்டா. கோயமுத்தூர் லேத்துப் பட்டறைக்குப் பாதி, வழியில இருக்கற வொர்க்‌ஷாப்புக்குப் பாதி. நெத்தியில ஒட்டின ஸ்டிக்கரை ஞாபகம் வெச்சிருந்திருக்கா பாருங்க.

இப்பப் பாருங்க அந்த பஞ்சர் கடையை. அவன் செயின்ல கிரீஸ் துடைக்கறானே, அந்தத் துணி. அதுல இருக்கறது என் மூக்கு.

சிரிங்க. பஸ்ஸு எடுத்துட்டான், இனி சத்தமாவே சிரிக்கலாம்.

இப்பக் காரியத்துக்கு வர்றேன். வாத்தியார்கிட்ட நாளைக்குப் போலீஸ் வாக்குமூலம் வாங்கப் போகுது. 'சென்னியப்பன் அனுப்பித்தான் வந்தாங்க'ன்னு அவர் ஒரு வார்த்தை சொன்னா நானும் உள்ள. ஏற்கெனவே போன்ல பேசிட்டேன். செலவு பூராவும் என்னுதுன்னேன். தனி ரூம் எடுத்துத் தர்றேன்னேன். ஆயுசுக்கும் பனியன் இலவசம்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, முனகிட்டே, "அந்தம்மாவுக்குப் போன் பண்ணிட்டீங்களா?"ங்கறார். மறுநாள் பேசினேன். "போன் பண்ணிட்டீங்களா?" அதுக்கு மறுநாளும் அதேதான்.

நேத்து அவரே ஒரு பேரம் வெச்சார். "நடந்ததை நடந்தபடிதான் சொல்லுவேன். ஆனா நீங்க அந்தம்மாவுக்கு ஒரு போன் பண்ணி வாழ்த்துச் சொல்லிடுங்க. சொன்ன அன்னைக்கே, அந்த வீரக்குமாரை நான் மன்னிச்சுட்டேன், உங்க மேலயும் எனக்குப் புகார் இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறேன். அவன் பொண்டாட்டி நேத்து இங்க வந்து கட்டில்கிட்ட உட்கார்ந்துட்டிருந்தா. கைக்குழந்தை வெச்சிருக்கறவ."

நான் பேரத்துலயே பொறந்து வளர்ந்தவன் தம்பி. மும்பைக்காரன், மார்வாடி, ஆப்பிரிக்காக்காரன் எல்லார்கிட்டயும் பேசியிருக்கேன். என் வாழ்நாள்ல இவ்வளவு சல்லிசா ஒரு பேரம் வந்ததில்லை. ஒரு போன். அரை நிமிஷம். ஒருத்தன் வெளிய வருவான், ஒரு குடும்பம் பொழைக்கும், என் மேல கேஸு இல்லை.

முடியாதுன்னுட்டேன்.

அப்படிப் பார்க்காதீங்க. பேரத்துல விலை மட்டும் இல்லை, யாருகிட்ட வாங்கறோம்னு ஒண்ணு இருக்குது. அவளுக்கு நான் போன் பண்ணி, 'வாழ்த்துக்கள்மா'ன்னு... என் குடோன்ல சட்டை புரட்டினவளுக்கு... அவ அந்தப் பக்கம் இருந்து "சரிங்ணா"ன்னு சொல்லுவா. அந்த 'சரிங்ணா'வை நான் காதுல வாங்கணுமா? அமெரிக்காக்காரனால முடியும், அவனுக்கு ரத்தம் குளுந்த ரத்தம். வீரக்குமாருக்கு என்ன, இளவட்டம். ரெண்டு வருஷம் போனா என்ன, நாலு வருஷம் போனா என்ன?

நீலாம்பூர் தாண்டிட்டமா? நான் ஹோப் காலேஜ் ஸ்டாப்புல இறங்கணும்.

என்ன தம்பி, எதுக்குப் போனை நீட்டறீங்க? ஓ. என்னுதுல பேசலைன்னா உங்களுதுல பேசட்டும்னு பார்க்கறீங்களா? நம்பர் எனக்கு மனப்பாடம்தான், இல்லைங்கலை. அவ கடை போர்டுல தினமும் பார்க்கறதுதானே. வைங்க உள்ள. வைங்கங்கறேன்ல? உங்களுக்கும் எவனோ சொல்லி அனுப்பியிருக்கான். தோத்தவ சட்டையைப் போட்டுட்டு எனக்கு நியாயம் சொல்ல வந்துட்டீங்க.

இறங்கிடறேன். உங்ககூடப் பேசிப் பிரயோசனம் இல்லை. அவர்கிட்டத்தான் பேசணும். கட்டில்கிட்டப் போய் நின்னு, கையைக் கட்டிக்கிட்டு, மரியாதையாவே சொல்லப் போறேன். ஐயா, கெடுத்தது நீங்க, நீங்கதான் சரி பண்ணணும். போன் போன்னு என்னைப் போட்டுப் படுத்தாதீங்க. முதுகுக்குத் தலையணை வெச்சு எந்திரிச்சு உட்காருங்க. வலிக்கும், பல்லைக் கடிச்சுக்குங்க, நான் கடிக்கலையா? போலீஸ்கிட்ட இருந்து அந்தப் பெட்டியை வரவழைங்க. மடியில வெச்சுப் பிரிச்சு, அந்தப் பேரைப் படிக்காம என் பேரைப் படிங்க. வரலைன்னா திரும்பவும் பிரிங்க. நான் ஏற்கெனவே ஜெயிச்சுச் சட்டையும் அடிச்சாச்சு, ஊரே போட்டுப் பார்த்தாச்சு. இனி மாத்த முடியாது. அந்தச் சட்டைக்குச் சரியா வர்ற வரைக்கும் எண்ணுங்க. எண்ணுங்க, ஐயா.